மரத்தில் செய்த ஜெட்: ஒரு வாம்பயரின் மூக்கைச் சீர்செய்த வேலை

பழைய போர் ஜெட் என்றதும் அலுமினியத் தகடும் ரிவெட் வரிசையும்தான் கண்முன் வரும். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த வாம்பயர் வேறு ரகம். இறக்கைகளும், வாலைத் தாங்கி நிற்கும் இரட்டை பூம்களும் உலோகம். விமானி உட்காரும் நடுக்கூடு மட்டும் மரம். வெளியே மெல்லிய பிர்ச் ப்ளைவுட், நடுவில் பால்சா, உள்ளே மறுபடியும் ப்ளைவுட். எல்லாவற்றையும் பசை போட்டு, அச்சில் வளைத்து ஒட்டிய கூடு. 1943 செப்டம்பர் 20ஆம் தேதி இந்த விமானம் முதன்முதலில் பறந்தபோது அதற்குள் இருந்தது அந்தக் காலத்தின் மிகப் புதிய வகை இன்ஜின். உடம்போ, மோஸ்கிட்டோ விமானத்தில் டி ஹாவிலண்ட் தச்சர்கள் கைபழகிய அதே மரவேலை.

அப்படிப்பட்ட ஒரு வாம்பயர் டி.11 பயிற்சி விமானத்தை எங்கள் ஆர்வலர் குழு பராமரிக்கிறது. இனி அது பறக்கப் போவதில்லை. வருடக்கணக்காகத் திறந்தவெளியில் காட்சிக்கு நின்றது. கூரைக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் நிதானமாக அருகில் போய்ப் பார்க்க முடிந்தது. மூக்கின் இடது பக்கம், கேனப்பி (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற மூடி) உட்காரும் விளிம்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட் உப்பியிருந்தது. அந்த உப்பலில் தொடங்கிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்ஜின், சக்கரங்கள், பூம்கள் எல்லாம் தனிக் கதைகள்.

எங்களோடு ஒரு பெரியவர் இருக்கிறார். விமானப்படையில் ஏர்ஃப்ரேம், அதாவது விமான உடற்கட்டு, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உப்பலைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டபோது தடுத்துவிட்டார். "முதல்ல தட்டிக் கேளுங்க தம்பி. எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியாம உளியை எடுக்கக் கூடாது" என்றார்.

தட்டிக் கேட்பது பழைய முறை. ஆனால் மரக்கூட்டுக்கு அதைவிட எளிய சோதனை கிடையாது. பிளாஸ்டிக் தலை கொண்ட சின்னச் சுத்தியலால் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பசை நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில் 'டக்' என்று கூர்மையான சத்தம் வரும். ப்ளைவுட் பால்சாவை விட்டுப் பிரிந்த இடத்தில் சத்தம் மங்கும். மங்கிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறித்தோம். குறித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், உள்ளங்கை அளவு உப்பலுக்குக் கீழே அதைப்போல் நான்கு மடங்கு பரப்பில் சத்தம் செத்திருந்தது. நாங்கள் கண்ணால் கண்டது மேல் நுனி மட்டும்தான்.

அடுத்து ஈரமானி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை வளர முடியாது, அதுதான் எல்லைக்கோடு. எங்கள் ஈரமானி அந்தப் பகுதியில் 28 வரை காட்டியது. ஒரு எச்சரிக்கை: ஊசி இல்லாத வகை ஈரமானியைப் பயன்படுத்தினால், பின்னால் உலோகத் துண்டு இருக்கும் இடங்களில் அது பொய்யாக ஏறிக் காட்டும். வாம்பயரின் கூட்டுக்குள் அங்கங்கே உலோகப் பிடிப்புகள் உண்டு. ஆகவே உள்பக்கம் இருந்து பார்த்து, உலோகம் இல்லை என்று தெரிந்த இடங்களின் அளவை மட்டுமே கணக்கில் எடுத்தோம்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? கேனப்பி விளிம்பில் உள்ள திருகுத் துளைகள் வழியாக. உள்ளே போன தண்ணீர் சுவருக்குள்ளேயே கீழே இறங்கி, கூட்டின் தாழ்ந்த பகுதியில் தங்கியிருக்கிறது. அடிப்பகுதியில் அதை வெளியேற்ற வடிகால் துளைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் பெயிண்டால் அடைபட்டிருந்தன. காட்சிக்கு நின்ற காலத்தில் விமானம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் மேலே மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. திறந்தவெளியில் நிற்கும் எந்தப் பழைய ஜெட்டைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் குனிந்து அடிவயிற்றைத்தான் பார்க்கிறேன். வடிகால் திறந்திருந்தால், மேலே நிறம் வெளுத்திருந்தாலும் அந்த விமானம் நல்ல கையில் இருக்கிறது.

கத்தி வைப்பதற்கு முன் காக்பிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை செய்பவரின் உடம்புக்கு ஆபத்தானவை அங்கேதான் இருக்கின்றன. பிற்கால டி.11களில் மார்ட்டின்-பேக்கர் இஜெக்‌ஷன் இருக்கைகள் பொருத்தப்பட்டன. இருக்கையை மேலே வீசும் வெடிபொதிகள் எடுக்கப்பட்டுவிட்டன என்று யாரோ சொன்னார்கள் என்பது போதாது. தகுதியுள்ள ஆயுதத் தொழில்நுட்பர் கண்ணால் பார்த்து எழுத்தில் உறுதி தரும்வரை யாரும் உள்ளே உட்காரவில்லை. அடுத்தது கருவி முகப்புகளில் பூசிய ரேடியம் கலந்த ஒளிர்பூச்சு. இருட்டில் இப்போது அது ஒளிராது. ஆகவே செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஒளிரும் துத்தநாக சல்பைடுதான் தேய்ந்துபோயிருக்கிறது. ரேடியம்-226இன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். அது போட்டது போட்டபடி இருக்கிறது. கண்ணாடி உடையாத கருவியைத் திறக்கவே கூடாது. காக்பிட்டைத் திறந்ததும் நன்றாகக் காற்றோடவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, கதிர்வீச்சுமானியால் ஒவ்வொரு முகப்பையும் அளந்து, எது ரேடியம் என்று சீட்டு ஒட்டினோம். பழைய பச்சை மஞ்சள் பிரைமர் ஜிங்க் குரோமேட். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் ஆபத்து. அதனால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதே இல்லை. நனைத்துத் தேய்ப்பது, முகமூடி, கழிவைத் தனியே சேர்ப்பது. இன்ஜின் பக்கத்து வெப்பத் தடுப்பில் கல்நார் இருக்கலாம் என்பதால் அந்தப் பகுதியை நாங்கள் தொடவே இல்லை.

பிறகு உலர்த்தல். வேலையின் மிக நீளமான கட்டமும் இதுதான், பொறுமையைச் சோதித்ததும் இதுதான். சூடான காற்றை ஊதினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ப்ளைவுட்டும் பால்சாவும் ஒரே வேகத்தில் சுருங்காது. வேகமாக உலர்த்தினால் நன்றாக இருக்கும் பசைக்கோடும் அறுந்துவிடும். மூக்கைச் சுற்றிக் கூடாரம் போல் திரை கட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து, காற்றின் ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 55 சதவீதத்துக்கு இறக்கினோம். குறித்த புள்ளிகளில் தவறாமல் அளவெடுத்து நோட்டில் எழுதினோம். எண் இறங்கும், பிறகு அசையாமல் நிற்கும், மறுபடி இறங்கும்.

அந்த இடைவெளியில் பெயிண்டைப் படித்தோம். ஓரிடத்தில் நாணய அளவுக்கு வட்டமாக, மிக நுண்ணிய உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் திறக்கும். மேலே காட்சிக்கால வெள்ளிகள். அவற்றுக்குக் கீழே டேகுளோ எனும் பளீர் ஆரஞ்சு பெயிண்டின் மிச்சம். அதற்கும் கீழே பயிற்சி விமானத்துக்குரிய மஞ்சள் பட்டை, அடியில் முதல் வெள்ளி. பிரிட்டிஷ் விமானப்படையின் டி.11கள் மஞ்சள் பட்டை போட்ட வெள்ளியில் தொடங்கி, பின்னர் தூரத்திலிருந்தே கண்ணில் படும் டேகுளோவுக்கு மாறின. அந்த வரலாறு முழுக்க ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் கிடந்தது. புத்தகத்தில் நிறத்தைப் பார்த்து மொத்தமாகச் சுரண்டி அடித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஆகவே அழுகல் இல்லாத பகுதிகளில் பெயிண்டை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். உதிரும் விளிம்புகளை, அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினால் ஒட்டவைத்தோம். அருங்காட்சியகங்களில் பரவலாகப் பயன்படுத்துவது இது. பின்னால் வருபவர்கள் தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே அதைக் கரைத்து எடுத்துவிடலாம்.

ஈரம் இறங்கியதும் வெளித் தோலைத் திறந்தோம். பெயிண்டுக்குக் கீழே மெல்லிய பருத்தித் துணி, அதன் கீழே பிர்ச். துணியைப் பொத்தல் இல்லாமல் மடித்து ஒதுக்கிவைத்தோம். வெளி ப்ளைவுட்டை உளியின் தட்டைப் பக்கத்தால் மெல்ல நிமிர்த்தினால் எதிர்ப்பே இல்லாமல் எழுந்து வந்தது. உள்ளே பால்சா ஈரப் பஞ்சு போலக் கையோடு வந்தது. பழுப்புக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நிறம். நல்ல பால்சா தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்கு அளவுதான் கனக்கும். அந்த இலேசுதான் இந்தக் கட்டுமானத்தின் பலம்: பால்சா இரண்டு தோல்களையும் தள்ளி நிறுத்துகிறது, தோல்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்குச் சுவர் வளையாமல் நிற்கும். நடுவில் இருப்பது கரைந்துவிட்டால் எஞ்சுவது வெறும் இரண்டு காகிதத்தனமான தகடுகள்தான்.

அழுகிய இடத்தைத் தாண்டி, உளி முனை இறங்க மறுக்கும் நல்ல மரம் வரும்வரை வெட்டினோம். அந்த எல்லையில் மிச்சமிருந்த மரத்துக்கு போரான் உப்புக் கரைசல் தடவினோம், பசை படப்போகும் பரப்புகளை மட்டும் விட்டுவிட்டு. உள் ப்ளைவுட் பெரும்பாலும் தப்பித்திருந்தது. அதன் முதுகில், பால்சா மறைத்துவைத்த பக்கத்தில், ஊதா மையில் ஒரு பரிசோதகரின் வட்ட முத்திரையும் பக்கத்தில் பென்சிலில் ஓர் அம்புக்குறியும் இருந்தன. யாரோ ஒரு தச்சர், பலகையின் நரம்பு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தனக்காகப் போட்டுக்கொண்ட குறி. ஒட்டி மூடிய நாளுக்குப் பிறகு அதை யாருமே பார்த்திருக்க முடியாது. எங்கள் குழுவில் அன்று யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. படம் எடுத்து, அளவெடுத்து, அந்தத் துண்டை அப்படியே இருக்க விட்டோம். புதுப் பால்சாவை அதே அம்பு காட்டிய திசையில்தான் வைத்தோம்.

இந்த இடத்தில் பசையைப் பற்றி. மோஸ்கிட்டோவின் தொடக்க காலத்தில் பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசீன் பசையைப் பயன்படுத்தினார்கள். வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களில் அது தாங்கவில்லை. பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். வாம்பயர் அந்த அனுபவத்துக்குப் பின் வந்தது. பறக்கும் விமானமாக இருந்தால் வரைபடத்தில் உள்ள பசை, அல்லது அதிகாரமுள்ளவர் ஒப்புக்கொண்ட மாற்று, இரண்டில் ஒன்றுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் பரிசோதகர் கையெழுத்து வேண்டும். மரக்கூட்டு ஜெட்டைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை வந்தது இந்த வேலைக்குப் பிறகுதான். உலோகத்தில் விரிசல் வந்தால் சாயம் ஊற்றியோ எக்ஸ்-கதிர் போட்டோ கண்டுபிடிக்கலாம். பல பத்தாண்டுகள் ஆன பசைக்கோடு எவ்வளவு பலத்தோடு இருக்கிறது என்பதை அதை உடைக்காமல் சொல்வது மிகக் கடினம். எங்களுடையது நிற்கும் விமானம் என்பதால் எபாக்ஸி எடுத்தோம். சின்ன இடைவெளியையும் அது நிரப்பும். பெரிய அழுத்தம் கேட்காது.

ப்ளைவுட் துண்டை நேர்வெட்டாக வைத்து ஒட்டக் கூடாது. பழைய தோலின் விளிம்பையும் புதியதின் விளிம்பையும் நீண்ட சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் பலகையின் கனத்தைப்போல் 12 மடங்காவது இருக்க வேண்டும்; 2 மி.மீ. ப்ளைவுட் என்றால் 24 மி.மீ. நிற்கும் விமானத்துக்கு இது அவசியமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. அவசியம் என்பதே என் முடிவு. நேர்வெட்டு இணைப்பு, வெயிலும் குளிரும் மாறும்போது பெயிண்டில் ஒரு மயிரிழைக் கோடாகத் திறக்கும்; தண்ணீருக்கு அது போதும். தவிர, டி ஹாவிலண்ட் ஆட்கள் எப்படிச் செய்தார்களோ அப்படிச் செய்து பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை கைக்குத் தெரியும். சாய்வு சீவும்போது ப்ளைவுட்டின் ஒவ்வொரு அடுக்கும் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைகள் நேராக, ஒரே அகலத்தில் ஓடினால் சாய்வு சரி. ஒரு பட்டை வளைந்தால் அங்கே இழைப்புளி அழுந்திவிட்டது என்று அர்த்தம். நல்ல கூரான இழைப்புளி, பின்னடிக்கு ஒரு பலகை, நல்ல வெளிச்சம். வேறு எதுவும் தேவையில்லை.

மூக்கு இரண்டு திசையிலும் வளைந்த பரப்பு. தகட்டை ஒரு பக்கம் வளைத்தால் மறுபக்கம் அடம்பிடிக்கும். அதனால் ஒரே கனமான ப்ளைவுட்டுக்குப் பதிலாக, மெல்லிய பிர்ச் பட்டைகளை நரம்பு குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கினோம். முதலில் வெந்நீரில் ஊறவைத்து, வலது பக்க மூக்கிலிருந்து எடுத்த வளைவைத் திருப்பிச் செய்த அச்சில் கட்டி, முழுக்க உலரவிட்டோம். பிறகுதான் பசை. கிளாம்ப் பிடிக்க அங்கே இடமே இல்லை. அதனால் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உள்ளிருந்த காற்றை பம்பால் இழுத்தோம். வெளிக்காற்றே பரப்பு முழுவதையும் சமமாக அழுத்திப் பிடித்தது. பசை இறுகும்வரை யாராவது ஒருவர் பம்பின் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூடுவதற்கு முன், புது மரத்தின் உள்பக்கம் தேதியும் 'பின்னாளில் சேர்த்தது' என்ற குறிப்பும் பென்சிலில் எழுதினோம். அந்தத் தச்சரின் அம்புக்குறிக்கும் எங்கள் வேலைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா.

வேலை நடக்கும்போது பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானோர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இன்ஜின் ஓடுமா? அந்த ஆசை எனக்குப் புரிகிறது. வல்கன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு ஜெட்களில் கடைசியாகப் பறந்த எக்ஸ்எச்558, 2015 அக்டோபரில் தரையிறங்கியது. அதற்குப் பிறகும் இன்னொரு வல்கனான எக்ஸ்எம்655, இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில், பறக்காமல் ஓடுபாதையில் ஓடிக்காட்டியே கூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. சத்தத்தை நெஞ்சில் வாங்கியவர்கள் அதை விட மாட்டார்கள். எங்கள் வாம்பயரின் கோப்ளின் இன்ஜின் ஓடாது. ஆனால் வந்தவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்ட நிறைய இருக்கிறது. காற்றைச் சுழற்றி வெளிப்புறமாக வீசி அழுத்தும் மையவிலக்கு அமுக்கியும் சுற்றிலும் 16 எரிகலங்களும் கொண்டது அது. அதனால்தான் கூடு இப்படிக் குண்டாக இருக்கிறது. அந்நாளைய ஜெட்டுக்கு உந்துவிசை குறைவு. புகைக்குழாய் நீண்டால் அதிலும் கொஞ்சம் வீணாகும். குழாயைக் குட்டையாக முடித்துவிட்டு, வாலை இரண்டு பூம்களில் பின்னால் நீட்டினார்கள். இந்த விளக்கத்தைக் கேட்டபின் ஆட்கள் விமானத்தைப் பார்க்கும் விதமே மாறுகிறது. இதே வகையின் கடற்படைப் பதிப்பில்தான் 1945 டிசம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷ் சோதனை விமானி எரிக் பிரவுன் எச்எம்எஸ் ஓஷன் கப்பலில் இறங்கினார். விமானந்தாங்கிக் கப்பலில் ஜெட் விமானம் முறையாக இறங்கி ஏறியது அதுவே முதல்முறை. இந்திய விமானப்படைக்கு 1948இல் வந்த முதல் ஜெட்டும் வாம்பயர்தான். சுவிஸ் விமானப்படை 1990 வரை இதை வைத்திருந்தது.

கேனப்பி அக்ரிலிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே மெல்லிய வெடிப்பு வலை ஓடியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது பொருளுக்குள்ளேயே இருக்கிறது. மேலோட்டக் கீறல்களை மட்டும் படிப்படியாக நுண்மை கூடும் தாள்களால் நனைத்துத் தேய்த்தோம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் தின்னரும் பக்கத்திலேயே வரக் கூடாது, அக்ரிலிக்கை வெடிக்கவைக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, மெத்தென்ற பருத்தித் துணி. அவ்வளவுதான்.

கேனப்பி விளிம்பின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளைகளின் உள்சுவருக்கு எபாக்ஸி பூசி, இறுகாத வகை சீலண்ட் வைத்துத் திரும்பப் போட்டோம். துருப்பிடித்த எஃகுத் திருகு, மரத்தையும் பக்கத்து அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும். அடிவயிற்று வடிகால் துளைகளை மரக்குச்சியால் திறந்து, ஒவ்வொன்றிலும் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு, கீழே சொட்டுகிறதா என்று கப் வைத்துப் பார்த்தோம். துணியை மீண்டும் இழுத்து ஒட்டி, அதை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசி, சீர்செய்த பகுதிக்கு மட்டும் வெள்ளி. சுற்றியிருக்கும் வெளுத்த வெள்ளிக்கு ஒரு சாயல் நெருக்கமாகக் கலந்தோம்; முழுக்க ஒன்றாகிவிடாமல், குனிந்து பார்த்தால் எல்லை தெரியும்படி. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவதை நிறுத்திவிட்டோம். இரவில் அதன் அடியில் வியர்த்து, மொத்த வேலையையும் கெடுத்துவிடும். காற்று போகும் துணி உறை மட்டும்தான்.

இப்போது அந்தப் பகுதியில் ஈரமானி 12க்கும் 14க்கும் நடுவில் நிற்கிறது. இடது பக்கம், இறக்கை கூட்டோடு சேரும் மூலையில் ஒரு புள்ளி மட்டும் இன்னும் 17 காட்டுகிறது; தட்டினால் சத்தம் நன்றாகவே இருக்கிறது. அங்கே பெயிண்ட் அடிக்காமல், சாக்பீஸ் வட்டத்தோடு திறந்து விட்டிருக்கிறோம். எண் இறங்கினால் அப்படியே மூடுவோம். இறங்காவிட்டால் இறக்கை மூலையின் உறைத்தகட்டைக் கழற்றி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.